லைட் மிடில்வெயிட் தொழில்முறைக் குத்துச்சண்டை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை ரசிகர்களும், அமெச்சூரில் ஆடிவிட்டுத் தொழில்முறைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும், அவர்கள் வீட்டாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பல பதில்களில் அமெரிக்க வீரர் ரொனால்ட் 'விங்கி' ரைட் வருவார். 51 வெற்றி, 6 தோல்வி, 1 டிரா என்று 22 ஆண்டுகள் ஓடிய வாழ்க்கை அவருடையது. இந்த எடையில் ஒருவன் எப்படி மேலே வருகிறான், எங்கே முடங்கிப் போகிறான் என்ற இரண்டும் அதில் இருக்கிறது. அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைவிட, யாரோடு, எப்போது, எந்த நிபந்தனையில் மோதுகிறான் என்பதுதான் ஒரு வீரனின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள பாதிக் கேள்விகள் அதைச் சுற்றித்தான்.

லைட் மிடில்வெயிட்னா சரியா எத்தனை கிலோ? சூப்பர் வெல்டர், ஜூனியர் மிடில்னு வேற வேற பேர் சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

எல்லாம் ஒன்றுதான். உச்ச வரம்பு 154 பவுண்டு, அதாவது 69.85 கிலோ. கீழே வெல்டர்வெயிட் 147 பவுண்டு (66.68 கிலோ), மேலே மிடில்வெயிட் 160 பவுண்டு (72.57 கிலோ). உலகப் பட்டம் தரும் அமைப்புகள் நான்கு. அவற்றில் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி இரண்டும் சூப்பர் வெல்டர் என்கின்றன. ஐபிஎஃப், டபிள்யூபிஓ இரண்டும் ஜூனியர் மிடில் என்கின்றன. பிரிட்டனில் லைட் மிடில் என்பார்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் பார்க்க வேண்டியது 154 என்ற எண்ணைத்தான்.

இந்தப் பிரிவு எப்போ வந்துச்சு?

1962இல். வெல்டருக்கும் மிடிலுக்கும் நடுவே 13 பவுண்டு இடைவெளி இருந்தது. அந்த நடுவில் சிக்கியவர்கள் ஒன்று பட்டினி கிடந்து கீழே இறங்கினார்கள், இல்லையென்றால் தங்களைவிடப் பெரிய ஆட்களிடம் அடி வாங்கினார்கள். 1962 அக்டோபர் 20 அன்று போர்ட்லாந்தில் டென்னி மோயர் ஜோயி ஜியாம்ப்ராவை வென்று முதல் சாம்பியன் ஆனார். அடுத்த சில ஆண்டுகளில் பட்டம் இத்தாலிக்குப் போனது. 1965இல் மிலானில் நினோ பென்வெனுட்டி சாண்ட்ரோ மசிங்கியை நாக்அவுட் செய்தார். அடுத்த ஆண்டே சியோலில் கிம் கி-சூ பென்வெனுட்டியை வீழ்த்தி, கொரியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார்.

என் தம்பி அமெச்சூர்ல 71 கிலோ. தொழில்முறைன்னா 69.85 தானே, ஒரு கிலோ குறைச்சா போதாதா?

இந்தக் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமெச்சூரில் மோதும் நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள். தொடரில் அடுத்த மோதல் இருந்தால் அன்று மறுபடியும் ஏற வேண்டும். அதனால் 71 கிலோ வீரன் நிஜத்திலும் 72, 73 கிலோவாகத்தான் இருப்பான். தொழில்முறையில் முந்தின நாள் எடை. தராசில் 69.85 காட்டியவன் மறுநாள் இரவு 75 கிலோவோடு ரிங்குக்குள் வருவது சாதாரணம். எண்ணில் சிறிய பிரிவுக்குப் போகிறோம் என்று நினைத்தால், எதிரே நிற்பவன் முன்பு பார்த்தவர்களைவிடப் பெரியவனாக இருப்பான்.

மற்ற மாற்றங்களும் உண்டு. அமெச்சூரில் 3 நிமிடச் சுற்று மூன்று. அந்த 9 நிமிடத்தில் எண்ணிக்கை முக்கியம், வேகம் முக்கியம். தொழில்முறையில் வயிற்றடியும் நெருங்கிச் சண்டையிடுவதும் நாலாவது சுற்றுக்குப் பிறகுதான் பலன் தரும். இந்தியாவின் நிஷாந்த் தேவ் இதே வழியில் போனவர். 2023 தாஷ்கண்ட் உலகப் போட்டியில் 71 கிலோவில் வெண்கலம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் தோல்வி. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் 154 பவுண்டில் தொழில்முறை அறிமுகம், முதல் சுற்றிலேயே வெற்றி.

முதல் சண்டையே 12 சுற்றா?

இல்லை. 4 சுற்றில் தொடங்குவார்கள். நாலைந்து சண்டைக்குப் பிறகு 6 சுற்று, பிறகு 8. பத்துப் பன்னிரண்டு சண்டை கடந்தபின் 10 சுற்று. 12 சுற்று என்பது பட்டத்துக்கும் தகுதிச் சண்டைக்கும்தான். ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடம், நடுவே 1 நிமிட ஓய்வு. முன்பு பட்டச் சண்டை 15 சுற்றாக இருந்தது. 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் அடிபட்டு கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகு டபிள்யூபிசி முதலில் 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் பின்னால் வந்தன.

படிப்படியாக ஏற்றுவதற்குக் காரணம் மூச்சு மட்டும் இல்லை. 8 சுற்று ஆடாதவனுக்குத் தன் ஆற்றலைப் பங்கு போடத் தெரியாது. ஐந்தாவது சுற்றில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஏழாவதில் கையைத் தூக்க முடியாமல் நிற்பான்.

20-0ன்னு ரெக்கார்டு வச்சிருந்தா பெரிய ஆள்தானே?

எதிரிகளின் பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வீரர்களின் பதிவுகள் இருக்கும் பாக்ஸ்ரெக் இணையதளத்தில் ஒவ்வொரு எதிரியின் பதிவையும் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: சண்டை நடந்த தேதியில் அவர் வென்றது எத்தனை, கடைசி ஐந்தில் எத்தனை தோல்வி, அவருடைய வழக்கமான எடை என்ன. வெல்டரிலிருந்து ஒரு வார அவகாசத்தில் வந்தவரை அடித்ததும், தரவரிசையில் இருப்பவரை அடித்ததும் பதிவில் ஒரே '1' ஆகத்தான் நிற்கும்.

தோல்வி வந்தால் எல்லாம் முடிந்தது என்பதும் தப்பு. விங்கி ரைட் 1994இல் பிரான்ஸின் சென்-ழான்-து-லூஸ் ஊரில் ஹூலியோ சேசர் வாஸ்கஸிடம் ஐந்து முறை கீழே விழுந்தார். ஐந்து முறையும் எழுந்து 12 சுற்றும் முடித்துப் புள்ளியில் தோற்றார். அதற்குப் பிறகு ஹாரி சைமனிடமும் ஃபெர்னாண்டோ வர்காஸிடமும் தோற்றார். இந்த மூன்று தோல்விக்கும் பிறகுதான் அவர் எடைப் பிரிவின் முழுச் சாம்பியன் ஆனார். உள்ளூரில் சண்டை நடத்தித் தரப் பெரிய புரமோட்டர் கிடைக்காத நாட்களில் அவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ச் சண்டை போட்டார். அங்கே கற்றதுதான் பின்னால் கைகொடுத்தது என்பது எங்கள் கணிப்பு.

78 கிலோ இருக்கிற ஆள் எப்படி 69.85க்கு வர்றான்? தண்ணி குடிக்காம இருந்தா போதுமா?

தண்ணீரை மட்டும் நம்பினால் சண்டை தராசிலேயே தோற்றுவிடும். சரியான வழியில் குறைப்பு மூன்று கட்டம். முதல் ஏழெட்டு வாரத்தில் கொழுப்பு: வாரம் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ, அதற்குமேல் வேண்டாம். கடைசி வாரத்துக்குள் 73 கிலோவுக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது கட்டம் கடைசி ஐந்து நாள். மாவுச்சத்தைக் குறைத்தால் தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் இறங்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். கீரை, பயறு, முழுத்தானியம் போன்ற நார்ச்சத்தைக் குறைத்தால் குடலில் இருக்கும் சுமை குறையும். உப்பையும் மட்டுப்படுத்துவார்கள். இதிலேயே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். மூன்றாவது கட்டம் கடைசி ஒரு நாளின் வியர்வை: வெந்நீர்க் குளியல், போர்த்திக்கொண்டு மெல்ல நடப்பது. இதற்கு ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு கிலோதான் மிச்சம் வைக்க வேண்டும்.

தவறு நடப்பது எங்கே? கேம்ப் (சண்டைக்கு முந்தைய தொடர் பயிற்சி) தொடங்கும்போதே 82 கிலோவில் இருப்பவன் முதல் கட்டத்தில் கோட்டைவிட்டு, கடைசி இரண்டு நாளில் 4, 5 கிலோ வியர்வையாக எடுக்கப் பார்ப்பான். ரத்தம் கெட்டியாகி இதயம் திணறும், கால் பிடித்துக்கொள்ளும். தராசில் இறங்கியபின் குடித்தாலும் ஒரே நாளில் எல்லாம் சரியாகாது. நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது தனி ஆபத்து. நீர் பிரியும் மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. 'நாட்டு மருந்துதான்' என்று யாராவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எடை காட்டியதும் முதல் ஒரு மணி நேரத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் போன்ற நீர், சிறிது சிறிதாக. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்கு, பல மணி நேரத்தில் பரப்பி. பிறகு வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று எளிதில் செரிப்பவை. பசியில் பிரியாணியோ எண்ணெய்ப் பலகாரமோ சாப்பிட்டு வயிறு கெட்டு ரிங்குக்கு வருபவர்கள் உண்டு. கேம்ப் முழுக்கச் சாப்பிடாத எதையும் அன்று தொடாதீர்கள்.

எவ்வளவு வேணாலும் எடை ஏத்திக்கலாமா? யாரும் கேக்க மாட்டாங்களா?

அமைப்பைப் பொறுத்தது. ஐபிஎஃப் பட்டச் சண்டையில் மறுநாள் காலை இரண்டாவது எடை உண்டு. வரம்பைவிட 10 பவுண்டுக்கு மேல் கூடக் கூடாது. இந்தப் பிரிவில் அது 164 பவுண்டு, 74.39 கிலோ. டபிள்யூபிசி முன்கூட்டியே கண்காணிக்கும்: 30 நாளுக்கு முன் வரம்பைவிட 10 சதவீதத்துக்குள், 7 நாளுக்கு முன் 5 சதவீதத்துக்குள். கணக்கிட்டால் 76.8 கிலோவும் 73.3 கிலோவும். முந்தைய பதிலில் கடைசி வாரத்துக்கு 73 என்று சொன்னது இதனால்தான். சாதாரணச் சண்டைகளில் இப்படி எதுவும் இருக்காது, ஒப்பந்தத்தில் எழுதினால் ஒழிய.

எடை தப்பிட்டா?

வழக்கமாக ஓரிரு மணி நேரம் தருவார்கள், மறுபடி ஏறலாம். அப்போதும் கூடினால் சாம்பியன் பட்டத்தைத் தராசிலேயே இழப்பார். எதிரி வென்றால் அவருக்குப் பட்டம், தோற்றால் காலி. சவாலுக்கு வந்தவர் தப்பினால், வென்றாலும் பட்டம் கிடைக்காது. சம்பளத்தில் ஒரு பங்கு எதிரிக்குப் போகும். அரைக் கிலோதான் மிச்சம் என்றால் முயலலாம். ஒன்றரைக் கிலோ மிச்சம் என்றால் அபராதத்தைக் கட்டிவிட்டு உடம்பைக் காப்பாற்றுவதே மேல்.

8 வாரக் கேம்ப்ல தினம் என்னதான் பண்றாங்க?

காலையில் ஓட்டம் 6 முதல் 8 கிலோமீட்டர், வாரம் இரண்டு நாள் அதற்குப் பதில் குறுகிய வேக ஓட்டங்கள். மாலையில் ஜிம்: நிழல் சண்டை, பேட், கனமான பை, கயிறு. வாரம் மூன்று நாள் ஸ்பாரிங், அதாவது துணையோடு மோதிப் பார்க்கும் பயிற்சிச் சண்டை. முதல் வாரங்களில் 4 சுற்று, ஆறாவது வாரத்தில் 10 சுற்று வரை ஏறி, சண்டைக்கு 8, 10 நாள் முன்பு நிறுத்திவிடுவார்கள். ஸ்பாரிங்கில் 16 அவுன்ஸ் கையுறையும் தலைக்கவசமும்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஸ்பாரிங் துணையின் தேர்வு. எதிரி இடது கைக்காரர் என்றால் துணையும் இடது கைக்காரராக இருக்க வேண்டும். எதிரி உயரமானவர் என்றால் துணையும் உயரமாக இருக்க வேண்டும். ஜிம்மில் இருப்பவனை வைத்து ஒப்பேற்றினால் முதல் நாலு சுற்று எதிரியைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடும்.

இந்த எடைல 8 அவுன்ஸா 10 அவுன்ஸா? கையுறைல பஞ்சை எடுத்துட்டா என்ன ஆயிடப் போகுது?

வெல்டர் வரை 8 அவுன்ஸ், அதற்கு மேலே 10 அவுன்ஸ். ஆகவே லைட் மிடில்தான் 10 அவுன்ஸ் தொடங்கும் முதல் பிரிவு. வெல்டரிலிருந்து ஏறி வருபவர்களுக்கு இதுவும் ஒரு மாற்றம்: கை கொஞ்சம் கனக்கும், தடுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பரப்பு கிடைக்கும்.

பஞ்சை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் 1983 ஜூன் 16 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிடைத்தது. ராபர்ட்டோ டுரான் டேவி மூரிடமிருந்து இதே எடையின் பட்டத்தைப் பறித்த இரவு அது. அதே மேடையில் அதற்கு முன் 10 சுற்றுச் சண்டை: தோல்வியே காணாத 21 வயது பில்லி காலின்ஸ் ஜூனியரும், பெரிய அடி கொடுக்கக்கூடியவர் என்று யாரும் நினைக்காத லூயிஸ் ரெஸ்டோவும். சுற்றுக்குச் சுற்று காலின்ஸின் முகம் வீங்கியது. கடைசியில் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. முடிவு அறிவித்தபின் காலின்ஸின் தந்தை (அவர்தான் பயிற்சியாளரும்கூட) மரியாதைக்காக ரெஸ்டோவின் கையைப் பிடித்தார். கையுறைக்குள் பஞ்சு இல்லை, விரல் முட்டி நேராகத் தட்டுப்பட்டது. அங்கேயே கத்தி அதிகாரிகளைக் கூப்பிட்டார். கையுறைகளைப் பறிமுதல் செய்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் பஞ்சு எடுக்கப்பட்டிருந்தது.

காலின்ஸின் கருவிழிப்படலம் கிழிந்து பார்வை மங்கியது. மறுபடி ரிங்குக்கு வரவே முடியவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கார் விபத்தில் இறந்தார். ரெஸ்டோவும் பயிற்சியாளர் பனாமா லூயிஸும் 1986இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். கையில் சுற்றியிருந்த துணியும் கெட்டிப்படுத்தப்பட்டிருந்தது என்று பல ஆண்டு கழித்து ரெஸ்டோவே ஒப்புக்கொண்டார்.

அப்போ கைக்கட்டு கட்டும்போது எதிரணி ஆள் பக்கத்துல நிக்கறது அதுக்குத்தானா?

ஆமாம். மெல்லிய துணிக்கட்டு, அதன்மேல் டேப். முட்டிக்கு மேலே டேப் போகலாமா, எத்தனை அடி நீளம் என்பதெல்லாம் ஒவ்வொரு ஆணையத்துக்கும் வேறு வேறு. கட்டி முடித்ததும் அதிகாரி மேலே கையெழுத்திடுவார், அதன்பின்தான் கையுறை. எதிரணியிலிருந்து ஒருவர் நின்று பார்ப்பது உங்கள் உரிமை. கூச்சப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள்.

2009 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன் இப்படி நின்று பார்த்தபோதுதான் அன்டோனியோ மர்கரிட்டோவின் கட்டுக்குள் கெட்டியான திண்டு பிடிபட்டது. அது வெல்டர் சண்டை. கலிபோர்னியா உரிமத்தை ரத்து செய்தது. 2010 நவம்பரில் அதே மர்கரிட்டோ டெக்ஸாஸில் காலியான டபிள்யூபிசி லைட் மிடில் பட்டத்துக்கு மேனி பாக்கியாவோடு மோதி, கண்குழி எலும்பு முறிந்து தோற்றார். பாக்கியாவுக்கு அது எட்டாவது எடைப் பிரிவில் பட்டம்.

விங்கி ரைட் ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னாடி வச்சுக்கிட்டே ஜெயிச்சார்ங்கறாங்க. அதுல என்ன பெரிய வித்தை?

பார்க்கச் சும்மா மூடிக்கொண்டு நிற்பதுபோலத்தான் இருக்கும். 2004 மார்ச் 13 மோஸ்லி சண்டையை நிதானமாகப் பாருங்கள். இரண்டு கையுறையும் நெற்றிப்பொட்டை ஒட்டி, முழங்கை இரண்டும் விலாவோடு இறுக்கமாக. மோஸ்லியின் வேகமான ஹூக்குகள் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்துகள்) முன்கையில் பட்டு நிற்கின்றன. அடியைத் தடுத்த அதே நொடியில் ரைட்டின் வலது கை ஜாப் (முன் கையின் நேர்க்குத்து) நேராகப் போகிறது. இடது கைக்காரர் என்பதால் அவருடைய முன் கை வலது. தடுப்பிலிருந்து கை பின்னால் போகாமல், இருந்த இடத்திலிருந்தே கிளம்பும். அதனால் முன்னறிவிப்பே இல்லை.

இதைக் காப்பியடிப்பவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். முழங்கையை விரித்து வைப்பார்கள், ஈரல் பக்கம் திறந்துவிடும். அல்லது தடுத்துவிட்டு ஓய்வெடுப்பார்கள். பதில் அடி இல்லாத தடுப்புக்கு ஜட்ஜ் எவரும் மதிப்பெண் தரமாட்டார்.

வயித்துல அடி விழுந்து ரெண்டு செகண்ட் கழிச்சு ஏன் விழறாங்க? நடிப்பா?

நடிப்பே இல்லை. ஈரல் வலது பக்கம் கடைசி விலாவுக்குக் கீழே லேசாக எட்டிப் பார்க்கும். அங்கே இடது ஹூக் பதிந்தால் நரம்பு வழியாக உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி பரவும். ரத்த அழுத்தம் விழும், மூச்சு நிற்கும், கால் மடங்கும். மனத் தெளிவு முழுதாக இருக்கும், எழுந்திருக்க மட்டும் முடியாது.

இந்த எடையில் இதற்குப் பேர்போனவர் ஜமைக்காவின் மைக் மெக்கல்லம், 1984இல் அந்த நாட்டின் முதல் உலகச் சாம்பியன். 1987இல் டொனால்ட் கரியை அவர் வீழ்த்தியது தாடையில் பட்ட ஒரே இடது ஹூக்கால். ஆனால் அதற்கு முன் அதே கையை வயிற்றுக்குத்தான் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்ததும் கீழேதான் வரும் என்று கரி எதிர்பார்த்த நேரத்தில் அது மேலே வந்தது.

வெட்டுப்பட்டா சண்டை நின்னுடுமா? யாருக்கு வெற்றி?

எதனால் வெட்டு என்பதுதான் கேள்வி. சரியான குத்தால் வெட்டுப்பட்டு நிறுத்தினால், வெட்டுப்பட்டவருக்குத் தோல்வி. தெரியாமல் தலை மோதியோ முழங்கை பட்டோ வெட்டு என்றால் வேறு: 4 சுற்று முடிவதற்குள் நிறுத்தினால் முடிவில்லாச் சண்டை, 4 முடிந்தபின் என்றால் அதுவரையான மதிப்பெண். ஆகவே வெட்டு விழுந்ததும் கார்னர் (மூலையில் நிற்கும் வீரரின் உதவிக் குழு) முதலில் கேட்க வேண்டியது, நடுவர் அதை என்னவென்று அறிவித்தார் என்பதை.

2024 மார்ச் 30 லாஸ் வேகாஸில் சாம்பியன் டிம் சூ இரண்டாவது சுற்றின் இறுதியில் செபாஸ்டியன் ஃபண்டோராவின் முழங்கை பட்டு உச்சந்தலையில் வெட்டு வாங்கினார். ரத்தம் இரண்டு கண்ணிலும் வழிந்தது. நாலு சுற்றுக்குள் நிறுத்தியிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். தொடர்ந்து ஆடினார், 12 சுற்று முடிந்ததும் பிளவு முடிவில் (இரண்டு ஜட்ஜ் எதிராளிக்கு, ஒருவர் இவருக்கு) தோற்றார். ஃபண்டோராவும் மூக்கு உடைந்துதான் ஜெயித்தார்.

வெட்டைக் கவனிக்கும் கட்மேனுக்குக் கிடைப்பது 1 நிமிடம் என்றாலும் நாற்காலியில் உட்காருவது, எழுவது போக 45 நொடிதான். உலர்ந்த துணியால் துடை, அட்ரினலின் நனைத்த பஞ்சுக் குச்சியை வெட்டுக்குள் வைத்து நன்றாக அழுத்து, கடைசியாக வாசலின். புதிதாகச் செய்பவர்கள் மூன்று முறை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி கிளம்பும்.

ஒரே சண்டைக்கு ஒரு ஜட்ஜ் 117-111, இன்னொருத்தர் எதிராளிக்கு 114-113. இது எப்படி?

நீங்கள் சொல்வது 2021 ஜூலை, சான் அன்டோனியோவில் ஜெர்மெல் சார்லோவும் பிரையன் கஸ்டானோவும் மோதியது. மூன்றாவது ஜட்ஜ் 114-114, ஆக டிரா. சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, விழுந்தால் 8. நெருக்கமான சுற்று நாலைந்து இருந்தால், அவை எல்லாம் ஒரே பக்கம் போனால் இப்படி அகலும். ஆனாலும் அந்த 117-111ஐ எங்களால் ஏற்க முடியவில்லை. கஸ்டானோ அத்தனை சுற்று தோற்கவில்லை. 2022 மே மாதம் மறுபோட்டியில் சார்லோ 10ஆவது சுற்றில் நாக்அவுட் செய்து, நான்கு அமைப்புகளின் பெல்ட்டையும் (பட்டத்தையும்) சேர்த்தார்.

அமெச்சூரிலும் இந்த எடைக்கு ஒரு பெரிய காயம் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக் லைட் மிடில் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் 86 அடியும் பார்க் சி-ஹுன் 32 அடியும் பதித்ததாகக் கணக்கு. தீர்ப்பு 3-2 என்று பார்க்குக்கு. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் விருது தங்கம் பறிபோன ஜோன்ஸுக்கே கிடைத்தது.

1 லட்சம் டாலர் சம்பளம்னா கைக்கு எவ்வளவு வரும்?

ஒரு மாதிரிக் கணக்கு. அமெரிக்காவில் மேனேஜருக்கு அதிகபட்ச வழக்கம் மூன்றில் ஒரு பங்கு: 33,333. பயிற்சியாளருக்கு 10 சதவீதம்: 10,000. பட்டச் சண்டை என்றால் அமைப்புக்கு ஏறக்குறைய 3 சதவீதம்: 3,000. கட்மேனுக்கு 2 சதவீதம் என்று வைத்தால் 2,000. மிச்சம் 51,667. வெளிநாட்டு வீரர் என்றால் வழக்கமாக மொத்தத் தொகையில் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்துதான் ஏதாவது திரும்பப் பெறலாம். அப்போது கையில் 21,667. இதிலிருந்துதான் கேம்ப் வாடகை, ஸ்பாரிங் துணைக்குக் கூலி, சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை எல்லாம். பிரிட்டனில் மேனேஜர் பங்கு 25 சதவீதம். ஆனால் அங்கே புதியவர்கள் தாங்களே டிக்கெட் விற்க வேண்டும். விற்றது குறைந்தால் எதிரிக்குக் கொடுத்தது போக ஒன்றும் தேறாது.

மேனேஜரும் புரமோட்டரும் ஒரே ஆளா இருந்தா நல்லதுதானே, வேலை சுலபம்?

உங்களுக்கு இல்லை, அவருக்குச் சுலபம். புரமோட்டர் நிகழ்ச்சியை நடத்துபவர்; உங்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் அவருக்கு லாபம். மேனேஜர் உங்கள் ஆள். அதிகம் வாங்கித் தந்தால் அவருக்கு லாபம். இரண்டு பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்தால் பேரம் பேச யார் இருக்கிறார்? அமெரிக்காவில் 2000இல் வந்த முகமது அலி சட்டம் 10 சுற்றும் அதற்கு மேலும் ஆடுபவர்களுக்கு இதைத் தடுக்கிறது. சண்டையில் வந்த வருமானத்தைப் புரமோட்டர் வீரரிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. கையெழுத்துக்கு முன் மூன்று வரி தேடுங்கள்: ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை சண்டை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, காயம்பட்டால் ஒப்பந்தக் காலம் எவ்வளவு நீளும். முதல் வரி இல்லாத ஒப்பந்தம் உங்களை அலமாரியில் பூட்டி வைத்துவிடும்.

ஜெயிச்ச பெல்ட்டைத் தோக்காமலே எப்படிப் பறிக்கறாங்க?

நான்கு அமைப்பும் தனித்தனி. ஒவ்வொன்றும் தான் தேர்ந்த சவால்காரரை, அதாவது கட்டாய எதிரியை, குறித்த காலத்துக்குள் சந்திக்கச் சொல்லும். ரைட் 2004 மார்ச்சில் மோஸ்லியை வென்று டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப் பட்டங்களை ஒன்று சேர்த்தார். ஐபிஎஃப் கட்டாய எதிரியைச் சந்திக்கச் சொன்னது. அவரோ மோஸ்லி மறுபோட்டிக்குப் போனார், பணம் அங்கேதான். ஐபிஎஃப் பட்டம் போயிற்று. சார்லோவுக்கு இன்னும் வேகம்: 2023 செப்டம்பரில் கனேலோ அல்வாரெஸோடு மோத 168 பவுண்டுக்குப் போனபோது, மணி அடித்ததுமே டபிள்யூபிஓ பட்டம் கைமாறி டிம் சூவுக்குப் போனது.

இந்த எடையில உயிருக்கு ஆபத்து உண்டா? வீட்ல பயப்படறாங்க.

உண்டு, மறைக்கக் கூடாது. 2019 அக்டோபரில் சிகாகோவில் பேட்ரிக் டே நாலாவது, எட்டாவது சுற்றுகளில் விழுந்து எழுந்து, பத்தாவதில் சார்லஸ் கான்வெல்லிடம் நாக்அவுட் ஆனார். நான்கு நாளில் இறந்தார், வயது 27. 2015இல் வர்ஜீனியாவில் பிரிச்சார்ட் கொலோன் பின்னந்தலையில் பல அடி வாங்கினார். மூளையில் ரத்தக் கசிவு, ஏழு மாதத்துக்கு மேல் கோமா. பின்னந்தலை அடி விதிமீறல். அதை ஒவ்வொரு முறையும் கார்னர் உரக்கச் சொல்ல வேண்டும்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது: உரிமத்துக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை, கண், இதயம், பல இடங்களில் மூளை ஸ்கேன். அமெரிக்காவில் மருத்துவரும் ஆம்புலன்ஸ் ஏற்பாடும் இல்லாமல் சண்டை நடத்தக் கூடாது. நிறுத்தப்பட்டுத் தோற்றால் வழக்கமாக 30 நாள், நாக்அவுட் என்றால் 60 நாள் தடை; அந்த நாட்களில் ஸ்பாரிங்கும் கிடையாது. அன்றிரவு கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கண்மணி பெரிதாவது, பேச்சு குழறுவது இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஜிம்மில் ஸ்பாரிங்கில் விழுந்தாலும் இதே கணக்குதான். அதை யாரும் பதிவு செய்வதில்லை, அதனால்தான் அதிக ஆபத்து.

பெண்களுக்கும் இதே 154 தானா?

எடை அதே. பட்டச் சண்டை 10 சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம். 2021 மார்ச்சில் தன் சொந்த ஊரான ஃபிளின்டில் கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் மேரி-ஈவ் டிகேரை வென்று இந்த எடையின் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். மிடிலிலும் முன்பே சேர்த்திருந்தார்.

நல்லா ஆடறவங்க எல்லாம் ஏன் 154ஐ விட்டுட்டுப் போயிடறாங்க?

பெரிய பெயர்கள் பெரும்பாலும் மேலே 160இலும் 168இலும், கீழே 147இலும், பணமும் அங்கே. உடம்பும் 28, 29 வயதுக்குமேல் 69.85க்கு இறங்க மறுக்கும். ரைட் 2005இல் மிடிலுக்கு ஏறி பெலிக்ஸ் டிரினிடாடை ஏறக்குறைய எல்லாச் சுற்றிலும் வென்றார், 2006இல் ஜெர்மெய்ன் டெய்லரோடு டிரா. 2007இல் 170 பவுண்டு ஒப்பந்த எடையில் பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம் தோல்வி. பிறகு 21 மாதம் சும்மா இருந்து 2009இல் பால் வில்லியம்ஸிடம் தோல்வி. மறுபடி மூன்று ஆண்டு இடைவெளி, 2012இல் பீட்டர் குவில்லினிடம் தோல்வி, ஓய்வு. 35 வயதுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டால் ஜிம்மில் தேறிவிட்டதுபோலத் தெரியும். தூரத்தைக் கணிக்கும் கண் மட்டும் திரும்பி வராது.

பத்து நாள்ல சண்டை, நல்ல பணம்னு போன் வருது. ஒத்துக்கலாமா?

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஃபண்டோரா. வெட்டுக் கேள்வியில் சொன்ன அந்தச் சண்டையில் டிம் சூவின் எதிரியாக இருந்தவர் கீத் தர்மன். அவர் காயத்தால் விலக, ஏறக்குறைய பன்னிரண்டு நாள் அவகாசத்தில் ஃபண்டோரா உள்ளே வந்து சாம்பியன் ஆனார். ஆனால் அவர் அதே மேடையில் வேறொருவரோடு மோத ஏற்கெனவே முழுக் கேம்ப்பில் இருந்தவர். எடையும் மூச்சும் தயார். பாதகம் சூவுக்குத்தான்: உயரம் குறைந்த வலது கைக்காரருக்காகத் தயாரானவர் எதிரே 197 சென்டிமீட்டர் இடது கைக்காரரைப் பார்த்தார்.

ஆகவே போனை வைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று காலை எடை 74க்குள் இருக்கிறதா? கடைசி மூன்று வாரத்தில் ஒரே நாளில் 8 சுற்றாவது ஸ்பாரிங் ஆடியாயிற்றா? எதிரி எந்தக் கை? மருத்துவச் சான்றுகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றால் ஒப்பந்த எடையை 157, 158 பவுண்டுக்கு ஏற்றிக் கேளுங்கள்; அவசரம் அவர்களுக்கு என்பதால் பெரும்பாலும் தருவார்கள். இரண்டுக்கு 'இல்லை' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.